உடைந்த சோலார் பேனல்களை இரும்புக் கடைக்குப் போட வேண்டாம்

குடியிருப்பு நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம்.

அண்மையில் அடித்த காற்றில் சில வீட்டு மாடிகளில் பேனல்கள் உடைந்திருக்கின்றன. தயவுசெய்து அவற்றைப் பழைய இரும்புக் கடைக்குக் கொடுத்துவிடாதீர்கள். அலுமினியச் சட்டத்தையும் செம்புக் கம்பியையும் உருவிக்கொண்டு மீதியைக் குப்பைமேட்டில் கொட்டிவிடுவார்கள். எடையில் ஏறக்குறைய முக்கால் பங்கு கண்ணாடிதான். ஆனால் அது பிளாஸ்டிக் தாளோடு ஒட்டிப்போயிருப்பதால் தனி இயந்திரம் இல்லாமல் பிரிக்க முடியாது. பேனலுக்குள் மின்சாரம் உண்டாக்கும் சிறு தகடுகளான செல்களை இணைக்கும் பற்றவைப்பில் பெரும்பாலும் ஈயம் இருக்கும். உடைந்த துண்டுகள் மழையில் ஊறினால் அது மண்ணில் இறங்கக்கூடும். நம் தெருவில் பல வீடுகள் கிணற்று நீரைத்தான் குடிக்கின்றன. பின்பக்கத் தாளை எரிப்பதும் கூடவே கூடாது, அந்தப் புகை நஞ்சு.

2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் உள்ள மின்கழிவு விதிகளில் சோலார் பேனலும் சேர்க்கப்பட்டிருக்கிறது. கழிவைச் சேமித்து வைக்கும் பொறுப்பு தயாரிப்பாளர்களுடையது. எனவே பில்லை எடுத்து, பொருத்தித் தந்தவர்களிடம் திரும்ப எடுத்துக்கொள்ளக் கேளுங்கள். மறுத்தால் எழுத்தில் பதில் வாங்குங்கள்.

உடைந்த பேனலிலும் வெயில் பட்டால் மின்சாரம் வரும், வெறுங்கையால் தொடாதீர்கள். தார்ப்பாய் போட்டு மூடி, பிள்ளைகள் போகாத இடத்தில் வையுங்கள்.

உற்பத்தி சற்றுக் குறைந்ததற்காக நல்ல பேனலைக் கழற்றவும் வேண்டாம். 25 ஆண்டு கழித்தும் 80 விழுக்காடு அளவுக்குத் தரும் என்றுதான் பல நிறுவனங்கள் உத்தரவாதம் தருகின்றன.

கழற்றிய பேனல் வைத்திருப்பவர்கள் எண்ணிக்கையையும் நிறுவனத்தின் பெயரையும் ஞாயிற்றுக்கிழமைக்குள் இங்கே பதிவிடுங்கள். சேர்ந்து கேட்டால் வண்டி அனுப்ப வாய்ப்பு அதிகம்.