டயருக்குள் தங்கிய கல்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து மறுபடி சைக்கிளை எடுத்துவிட்டாய் என்று படித்ததும் மனசு நிறைந்தது. ஆனால் அடுத்த பத்தியிலேயே, பத்து நாளில் மூன்று பஞ்சர், மூன்றும் பின்சக்கரத்தில், மூன்றும் ஈரச் சாலையில் என்று எழுதியிருக்கிறாய். இருப்பதிலேயே தடியான டயர் எது, வாங்கிப் போட்டுவிடுகிறேன் என்கிறாய். கொஞ்சம் பொறு. டயரை மாற்றத்தான் வேண்டியிருக்கும் போலிருக்கிறது. அதற்கு முன் இப்போது மாட்டியிருப்பதைக் கழற்றி ஒருமுறை உற்றுப் பார். மூன்று பஞ்சருக்கும் ஒரே கல்லோ கம்பியோ காரணமாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு.

குளிர்காலத்தில் பஞ்சர் கூடுவதற்கு முதல் காரணம் ஈரம். ரப்பரை வெட்டுகிறவர்கள் கத்தியைத் தண்ணீரில் நனைத்துக்கொள்வார்கள். உலர்ந்த கத்தி ரப்பரில் பிடித்துக்கொள்ளும், நனைந்தது வழுக்கிக்கொண்டு இறங்கும். கண்ணாடிச் சில்லும் சிக்கிமுக்கிக் கல்லும் அப்படித்தான் இறங்குகின்றன. அத்தோடு மழை, சாலையில் கிடக்கும் கூர்மையான எல்லாவற்றையும் ஓரத்துக்கு அடித்துக்கொண்டு வந்து குவிக்கிறது. நாம் ஓட்டுவதும் அந்த ஓரத்தில்தானே. இதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. உலர்ந்த டயரில் பட்ட சில்லு பெரும்பாலும் தெறித்துப் போய்விடும். ஈர டயரில் அது ஒட்டிக்கொள்ளும். 25 மி.மீ. டயர் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2.1 மீட்டர் நகரும், கிலோமீட்டருக்கு 475 சுற்று. ஒட்டிக்கொண்ட சில்லை ஒவ்வொரு சுற்றிலும் உன் எடையே சம்மட்டியாக அடித்து உள்ளே இறக்குகிறது. செவ்வாய்க்கிழமை காற்று போனது என்றால், அந்தக் கல் ஞாயிற்றுக்கிழமையே உள்ளே புகுந்திருக்கலாம். இடைப்பட்ட அந்த நாட்களில் ஒரு குண்டூசியால் அதை எடுத்துப் போட்டிருக்க முடியும்.

அதனால் டயரைப் பார்க்கும் முறையைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். முதலில் டயரைக் கழுவு. சேறு அப்பியிருந்தால் வெட்டுகள் கண்ணுக்கே தெரியாது. காற்றைப் பாதிக்கு மேல் இறக்கிவிடு. முழுக் காற்று இருக்கும்போது வெட்டின் வாய் மூடியிருக்கும், உள்ளே இருப்பது தெரியாது. வால்வு இருக்கும் இடத்தில் தொடங்கி, இரண்டு கட்டைவிரலாலும் ரப்பரை அகட்டி அகட்டிப் பார்த்துக்கொண்டே சுற்றி வா. விளக்கு மேலிருந்து விழாமல் பக்கவாட்டில் விழட்டும். கரிய ரப்பரில் ஒரு சின்னக் கோடு திறக்கும், அடியில் ஏதோ மினுங்கும். எள்ளளவுதான் இருக்கும். குண்டூசியையோ மழுங்கிய ஊசி முனையையோ கல்லுக்குப் பக்கவாட்டில் விட்டு நெம்பி எடு. மேலிருந்து குத்தினால் அது இன்னும் ஆழமாகப் போய்விடும். கத்தி முனை வேண்டாம், வெட்டு பெரிதாகும். எடுத்த பிறகும் ஒருமுறை அதே வெட்டுக்குள் பார். கண்ணாடி என்றால் ஒரு துண்டு உடைந்து தங்கியிருக்கக்கூடும்.

இதை வாரத்துக்கு ஒருமுறை செய்தால் போதும், இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்துப் பத்து நிமிடம் ஆகும். மழையில் போய்வந்த நாளில் மட்டும் அன்றைக்கே ஈரத்துணியால் துடைத்து மேலோட்டமாகப் பார்த்துவிடு.

கல் போன வெட்டு அப்படியே திறந்து கிடந்தால் அடுத்த கல்லுக்கு அது தயாரான குழி. 2, 3 மி.மீ. நீளத்துக்குக் குறைந்தது என்றால் ஸ்பிரிட்டால் துடைத்து, நன்றாக உலரவிட்டு, செருப்புத் தைப்பவர்கள் பயன்படுத்தும் காய்ந்த பிறகும் வளைந்து கொடுக்கும் ரப்பர் பசையை உள்ளே அழுத்தி நிரப்பு. ஒரு நாள் முழுக்க ஆறட்டும். சூப்பர் குளூவும் பிடிக்கும், ஆனால் அது கண்ணாடிபோல இறுகி, டயர் வளையும்போது விண்டுவிடும். வெட்டுக்குள் நூல் தெரிகிறதா, டயர் அந்த இடத்தில் லேசாகப் புடைக்கிறதா? அந்த டயரை ஒட்டிக்கொண்டிருக்காதே, தூக்கிப் போட்டுவிடு.

இனி உன் மூன்று பஞ்சருக்கு வருகிறேன். டியூபைக் கழற்றும்போது வால்வுக்கு நேராக டயரில் எந்த எழுத்து இருந்தது என்று பார்த்து வைத்துக்கொள். டயர் மாட்டும்போதே அதன் பெயர் எழுதிய இடத்தை வால்வுக்கு நேராக வைக்கும் வழக்கம் இதற்காகத்தான், அழகுக்காக இல்லை. டியூபில் காற்றடித்து ஓட்டையைக் கண்டுபிடித்து, வால்விலிருந்து அது எத்தனை செ.மீ. தள்ளி இருக்கிறது என்று அளந்தால், டயரில் எந்த இடத்தில் தேடவேண்டும் என்று தெரிந்துவிடும். டியூபை எந்தப் பக்கமாகப் போட்டிருந்தாய் என்று நினைவில்லாவிட்டால் வால்வுக்கு இரண்டு பக்கமும் அதே தூரத்தில் தேடு.

ஓட்டை எங்கே இருக்கிறது என்பதே பாதி விடை. சாலையைப் பார்த்த பக்கம் ஒற்றைத் துளை என்றால் வெளியிலிருந்து ஏதோ குத்தியிருக்கிறது. ரிம்மைப் பார்த்த பக்கம் என்றால் டயர்மேல் பழிபோடாதே. ரிம்மின் உள்பக்கம் ஸ்போக் துளைகளை மூடும் பட்டையான ரிம் டேப் விலகி ஸ்போக் துளை தெரிகிறதா என்று பார். பக்கத்துப் பக்கத்தில் பாம்பு கடித்ததுபோல இரண்டு துளை என்றால் காற்று குறைவாக இருந்து, பள்ளத்தில் இறங்கியபோது டியூப் ரிம்முக்கும் சாலைக்கும் நடுவில் நசுங்கியிருக்கிறது. வால்வின் அடியில் கிழிந்திருந்தால் பம்ப் அடிக்கும்போது வால்வை ஆட்டியதுதான் காரணம்.

வெளியிலிருந்து குத்தியது என்று தெரிந்தும் டயரில் ஒன்றும் அகப்படவில்லையா? அப்போது கம்பி என்று சந்தேகப்படு. லாரி டயர் வெடிக்கும்போது அதற்குள் இருக்கும் எஃகு இழைகள் சாலையில் சிதறும். தலைமுடிபோல மெல்லியவை. டயருக்குள் நிமிர்ந்து நின்றுகொண்டு, எடை ஏறும்போது மட்டும் முனையை நீட்டும். விரலால் தடவினால் அகப்படாது, அகப்பட்டாலும் விரலைக் கிழிக்கும். பஞ்சையோ பழைய மெல்லிய துணியையோ டயரின் உட்புறம் முழுக்க இழுத்துக்கொண்டு போ. ஒரு திசையில் போனதும் எதிர்த்திசையிலும் இழு, ஏனென்றால் சாய்ந்து நிற்கும் கம்பி ஒரு பக்கம் போகும்போது மாட்டாது. துணி மாட்டும் இடத்தில் டயரை உள்புறம் வெளியே வரும்படி வளைத்தால் முனை எட்டிப் பார்க்கும். குறடால் பிடித்து இழுத்துவிடு. இந்த ஒரு வேலையைச் செய்யாமல் புது டியூப் போட்டால் அதுவும் போகும். பத்து நாளில் மூன்று என்றதும் எனக்கு முதலில் தோன்றியது இதுதான்.

சரி, டயர் வாங்குவது. பஞ்சரைத் தடுக்க டயருக்குள் செய்வது பெரும்பாலும் இரண்டு வழி. ஒன்று, மேல் ரப்பருக்கும் நூல் அடுக்குக்கும் நடுவில் வெட்டுப்படாத நெசவுப் பட்டை வைப்பது. கான்டினென்டல் கிராண்ட் பிரிக்ஸ் ஃபோர் சீசனில் வெக்ட்ரான் என்னும் வலுவான செயற்கை இழையில் இரண்டு அடுக்கு இருக்கிறது, பக்கச் சுவருக்கும் தனியாக ஒரு துணிக் காப்பு உண்டு. எடை குறைவு, ஓட்டம் இலகு, ஈரத்தில் பிடிமானம் நன்றாக இருக்கும். இன்னொன்று, சும்மா தடிமன். ஷ்வால்பே மாரத்தான் பிளஸ்ஸில் 5 மி.மீ. கனத்துக்கு ஒரு நெகிழ்ந்த ரப்பர் அடுக்கையே வைத்திருக்கிறார்கள். காகிதம் குத்தும் தட்டைத் தலைக் குட்டை ஊசி முழுதாக இறங்கினாலும் டியூபைத் தொடாது. ஆனால் எடை சாதாரண ரேஸ் டயரைப்போல இரண்டு மடங்கைத் தாண்டும், உருட்டுவதற்குக் கால் உழைக்க வேண்டும், ரிம்மில் ஏற்றுவதற்குக் கை உழைக்க வேண்டும். தினமும் வேலைக்குப் போகிற, எங்கேயும் நின்று பஞ்சர் போட முடியாத ஆளுக்கு அது சரி. உன்னைப்போல வார இறுதியில் 80, 100 கி.மீ. போகிறவனுக்கு நான் முதல் வகையைத்தான் சொல்வேன்.

ஒன்றை மறக்காதே. நீண்ட நாள் உழைக்கட்டும் என்று கெட்டியான ரப்பரில் செய்த டயர்கள் குளிரில் இன்னும் இறுகும், ஈர வளைவில் பிடிமானம் குறையும். காற்று போனால் நின்று சரிசெய்துகொள்ளலாம், வழுக்கி விழுந்தால் எலும்பு போகும். அதனால் இரண்டில் ஒன்று என்று வந்தால், முன்சக்கரத்தில் பிடிமானத்தைப் பார், பின்சக்கரத்தில் தடிமனைப் பார். இரண்டும் ஒரே டயராக இருக்கவேண்டிய கட்டாயம் இல்லை. மேற்பரப்பின் வரிகளைப் பார்த்து ஏமாறாதே. சைக்கிள் டயர் குறுகலானது, அழுத்தம் கூடியது. தண்ணீரில் மிதந்து வழுக்க நாம் மணிக்கு 100 கி.மீ.யைத் தாண்டி ஓட்டவேண்டியிருக்கும். ஈரத்தில் பிடிப்பது ரப்பரின் குணம்தான். பனி உறைந்த சாலைக்கோ இந்த எந்த டயரும் ஆகாது. அதற்கு ஆணி பதித்த டயர் வேண்டும், இல்லையென்றால் அன்றைக்கு வீட்டில் இரு.

டயரின் பக்கத்தில் எழுதியிருக்கும் நூல் எண்ணிக்கையையும் (அங்குலத்துக்கு எத்தனை நூல் என்பது) அப்படியே நம்பாதே. 180 என்று இருந்தால் அது 60 நூல் கொண்ட அடுக்கு மூன்றைக் கூட்டிச் சொன்னதாக இருக்கலாம். பொதுவாக நூல் எண்ணிக்கை ஏற ஏற டயர் மெத்தென்று இருக்கும், வெட்டைத் தாங்குவது குறையும்.

அகலத்தில் 25 போதும் என்று நினைக்காதே, இடம் இருந்தால் 28 மி.மீ. போடு. அகலம் கூடினால் குறைந்த காற்றில் ஓட்டலாம். காற்று குறைந்தால் டயர் கல்லின் மேல் இளகி வளைந்து கொடுக்கும், விறைத்து நின்று குத்து வாங்காது. 75 கிலோ ஆளுக்கு டியூப் போட்ட 28-இல் முன்னால் 65, பின்னால் 70 முதல் 75 பி.எஸ்.ஐ. (பம்பின் முள் காட்டும் காற்றழுத்த அளவு) வைத்துத் தொடங்கலாம். 25 என்றால் 80, 85. டயரின் பக்கத்தில் எழுதியிருப்பது உச்ச வரம்பு, நாம் அடிக்கவேண்டிய அளவு அல்ல. கொக்கி இல்லாத ரிம் (டயரின் விளிம்பைப் பிடிக்கும் மடிப்பு இல்லாதது) என்றால் வரம்பு 5 பார், அதாவது 72.5 பி.எஸ்.ஐ., அதற்கென்று அனுமதித்த டியூப்லெஸ் (டியூப் இல்லாமல் ஓடக்கூடிய) டயர்தான் போடவேண்டும்.

வீட்டுக்குள் 20 டிகிரியில் 80 பி.எஸ்.ஐ. அடித்துவிட்டு, 0 டிகிரியில் சாலைக்குப் போனால் ஓட்டை எதுவும் இல்லாமலே அது 73, 74-க்கு இறங்கியிருக்கும். காற்று குளிர்ந்தால் சுருங்கும், அவ்வளவுதான். ஏற்கெனவே குறைவாக அடித்திருந்தால் இந்த ஆறேழு பி.எஸ்.ஐ.தான் பாம்புக்கடிக்குப் போதுமானது. புறப்படும் முன் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்துத் திருப்திப்படாதே, பம்பின் முள்ளைப் பார்.

டியூப் சாதாரண பியூட்டைல் (வழக்கமான கறுப்பு ரப்பர்) போதும். இரவோடு இரவாகக் காற்று இறங்கும் லேட்டெக்ஸ் டியூப் குளிர்காலத்துக்கு வேண்டாம். 28 டயருக்குள் 18–25 என்று போட்டிருக்கும் டியூபைத் திணிக்காதே. அது நீண்டு மெலிந்து, சின்ன முள்ளுக்கே போய்விடும். டியூப்லெஸ் போகலாமா என்று கேட்டிருந்தாய். சின்னத் துளைகளை அது தானே அடைக்கும் என்பது உண்மை. ஆனால் 28 டயருக்கு 30 முதல் 40 மி.லி. துளை அடைக்கும் திரவம் ஊற்றி, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை காய்ந்துவிட்டதா என்று பார்த்து நிரப்பிக்கொண்டே இருக்கவேண்டும். அழுத்தம் அதிகமான குறுகிய டயரில் துளை அடைபடும் முன் திரவமே பீய்ச்சிக்கொண்டு போவதும் உண்டு. உன் ரிம் அதற்கு ஏற்றதில்லை என்றால் இதற்காகச் சக்கரத்தையே மாற்றாதே.

டயருக்குள் பிளாஸ்டிக் பட்டை வைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். முள்ளைத் தடுக்கும், சரி. ஆனால் பட்டையின் இரண்டு முனைகளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடத்தில் டியூபை உரசி உரசி அதுவே ஒரு நாள் ஓட்டை போடும்.

கெட்டியான டயரை மாட்டக் கஷ்டப்படுகிறவர்கள் பெரும்பாலும் தொடங்கும் இடத்தில் தவறு செய்கிறார்கள். வால்வுக்கு நேரெதிரே தொடங்கி வால்வில் முடி. ஏற்கெனவே ஏறிய பகுதியை ரிம்மின் நடுப் பள்ளத்துக்குள் கிள்ளித் தள்ளிக்கொண்டே வந்தால் கடைசி ஒரு சாணுக்குத் தளர்வு கிடைக்கும். வால்வில் தொடங்கினால் அங்கே டயரின் விளிம்பு பள்ளத்துக்குள் இறங்க முடியாது, எவ்வளவு இழுத்தாலும் கடைசியில் இறுகும். முடித்ததும் வால்வை ஒருமுறை உள்ளே அழுத்திவிடு, அடியில் டியூப் சிக்கியிருந்தால் விடுபடும். புது டயரை முதலில் கதகதப்பான அறையில் இரண்டு முறை மாட்டிக் கழற்றிப் பழகு. விறைத்த விரலோடு சாலையோரத்தில் முதல்முறை செய்யாதே.

சாலையில் டியூபை மாற்று, அங்கே ஒட்டாதே. ஈரத்தில் ஒட்டு பிடிக்காது, குளிரில் சொல்யூஷன் காய நேரம் ஆகும். ஆகவே இரண்டு டியூப், டயரை நெம்பிக் கழற்ற மூன்று லீவர், ஒரு ஜோடி மெல்லிய ரப்பர் கையுறை, பம்ப், பெரிய வெட்டுக்கு அடியில் வைக்கப் பழைய டயரிலிருந்து வெட்டிய 5 செ.மீ. துண்டு. கார்பன் டை ஆக்சைடு குப்பி வைத்திருந்தால் நல்லது, ஆனால் பியூட்டைல் வழியாக அது சீக்கிரம் கசியும், வீட்டுக்கு வந்ததும் இறக்கிவிட்டுக் காற்று அடித்துக்கொள். ஓட்டையான டியூபை வீட்டில் உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, பளபளப்பு மங்கும்வரை பொறுத்து ஒட்டினால் அது புதிதுக்கு நிகர்.

பின் டயர் தேய்ந்து நடுவில் தட்டையானதும் அதை முன்னால் மாற்றிப் போடும் பழக்கம் உனக்கு உண்டு என்று எனக்குத் தெரியும். அது மட்டும் வேண்டாம். முன் டயரைப் பின்னால் கொண்டுபோய், புதியதை முன்னால் போடு. முன்சக்கரம் வழுக்கினால் சமாளிக்க வழியில்லை.

கழற்றிப் பார்த்ததும் ஓட்டை டியூபில் எந்தப் பக்கம், வால்விலிருந்து எத்தனை செ.மீ. என்று மூன்றுக்கும் எழுது. மட்கார்டுக்கும் இப்போதைய டயருக்கும் நடுவே உள்ள இடைவெளியையும், பிரேக்கின் கீழ்ப்பக்கம் டயர்வரை உள்ள இடைவெளியையும் மி.மீ.யில் அளந்து சேர்த்து எழுது. 28 போகுமா, 25-இலேயே இருக்கவேண்டுமா என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்