லாக் எழுதுவதும் வேலைதான்

ஆசிரியர் அவர்களுக்கு,

பணம் பிடித்தாயிற்று, டிக்கெட் வரவில்லை என்று புகார் கொடுத்தால் "சர்வர் கோளாறு" என்பார்கள். என்ன கோளாறு என்று கேட்டால் பதில் வராது. மறைக்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம். பல நேரம் அவர்களுக்கே தெரியாது. பெங்களூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் இரவு ஷிப்டில் இந்த மாதிரிப் புகார்களைத் துருவுவதுதான் என் வேலை.

மென்பொருள் தான் செய்வதை வரி வரியாக எழுதி வைக்கும் லாக்தான் எங்களுக்கு ஆதாரம். திறந்தால் "எரர் அக்கர்டு" (பிழை நேர்ந்தது) என்று மட்டும் இருக்கும். எந்த ஆர்டர், எந்த வங்கியிடம் கேட்டது, எவ்வளவு நேரம் காத்திருந்தது, எதுவும் இருக்காது. புரோகிராம் எழுதியவர் சோதித்துப் பார்க்கப் போட்ட "ஹலோ", "ஹலோ 2", "இங்கே வந்தாச்சு" எல்லாம் பத்திரமாக இருக்கும்! நேரம் இன்னும் கூத்து. ஒரு சர்வர் இந்திய நேரம் எழுதும், இன்னொன்று நம் நேரத்துக்கு ஐந்தரை மணி நேரம் பின்தங்கிய யுடிசி என்ற உலகப் பொது நேரத்தை எழுதும். இரவு 1 மணிக்கு நடந்தது அங்கே முந்தின நாள் மாலை 7.30 என்று கிடக்கும். வருடத்தை முதலில் போட்டு, யுடிசியிலிருந்து நம் நேர வித்தியாசமான +05:30-ஐக் கடைசியில் சேர்க்கும் ஐஎஸ்ஓ 8601 என்ற சர்வதேச முறையைப் பின்பற்றினால் இந்தக் குழப்பமே வராது. 1980-களில் வந்த சிஸ்லாக் என்ற லாக் எழுதும் முறையில், செய்தி எவ்வளவு அவசரம் என்று காட்ட எமர்ஜென்சி முதல் டீபக் (பிழை தேட உதவும் சாதாரணக் குறிப்பு) வரை எட்டு நிலைகள் உண்டு. நம் ஆட்கள் எல்லாவற்றையும் எரர் என்றே போடுகிறார்கள். நிஜமான எரர் அந்தக் கூட்டத்தில் தொலைந்துபோகிறது.

வேறு சிலர் வந்த தகவலையெல்லாம் லாக்கில் அப்படியே கொட்டிவிடுவார்கள். 2018 மே மாதம் ட்விட்டர் தன் 33 கோடிக்கும் மேற்பட்ட பயனர்களை பாஸ்வேர்டை மாற்றிக்கொள்ளும்படி கேட்டது நினைவிருக்கலாம். பாஸ்வேர்டுகள் மறைக்கப்படாமல் உள் லாக்கில் பதிவாகியிருந்ததுதான் காரணம்.

மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று போட்ட உத்தரவு, லாக்குகளை 180 நாள் வைத்திருக்கச் சொல்கிறது. சரி, "எரர் அக்கர்டு" என்பதை 180 நாள் சேர்த்து வைத்து யாருக்கு லாபம்?

கல்லூரி இறுதியாண்டு புராஜெக்ட்டில் திரை அழகாக இருந்தால் மார்க் விழுகிறது. வைவாவில் தேர்வாளர் நெட் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, "இப்போது லாக்கைக் காட்டு, என்ன நடந்தது என்று அதை வைத்தே சொல்" என்று கேட்கலாமே. தங்கள் கல்விப் பக்கத்தில் இதைப் பற்றி ஒரு கட்டுரை வந்தால் பேராசிரியர்கள் கண்ணில் படும்.

இரவு ஷிப்ட் வாசகி,
அல்சூர், பெங்களூரு