செயலாளர் அண்ணாவுக்கு: தோப்புக்குள் பேவர் பிளாக் வேண்டாம்

அன்புள்ள அண்ணா,

ஸ்தோத்திரம். கோயிலுக்குப் பின்னால் இருக்கும் தோப்பில் தியான நடைபாதை அமைப்பது பற்றிச் சபையாரின் யோசனையைக் கேட்டிருந்தீர்கள். நாலு வரி எழுதி உங்கள் கையிலேயே கொடுத்திருக்கலாம். ஆனால் வேலூர், ராணிப்பேட்டை, ஆரணி என்று நம் வட ஆற்காட்டுப் பக்கம், அமெரிக்க மிஷனரிகள் நடத்திய ஆற்காடு மிஷன் காலத்துப் பழைய காம்பவுண்டுகள் இன்னும் இருக்கின்றன. அங்கேயும் யாராவது ஒரு செயலாளர் இதே மாதிரி பிளானை மேஜைமேல் விரித்து வைத்திருக்கலாம். அவர்களும் படிக்கட்டும் என்றுதான் பொதுவில் எழுதுகிறேன். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

முதலில் நன்றி. ரோட்டோரம் கடை கட்டி வாடகைக்கு விடலாம் என்ற பேச்சு வந்தபோது அதை அடக்கியவர் நீங்கள்தான். மரம் இருக்கட்டும், ஜனங்கள் நடக்கட்டும் என்று சொல்ல ஒரு செயலாளருக்குத் துணிச்சல் வேண்டும். மரம் வாடகை தராது.

பிளானைப் பார்த்தேன். ஆறடி அகலத்துக்குப் பேவர் பிளாக், இரண்டு பக்கமும் எல்இடி விளக்குக் கம்பம், பத்தடிக்கு ஒரு வசனப் பலகை, ஒவ்வொரு மரத்துக்கும் வட்டமாகச் சிமென்ட் மேடை, மெல்லிய பாட்டுக்கு ஸ்பீக்கர், நுழைவில் ஒரு ஆர்ச். இதில் எனக்குப் பிடித்தது இடம் மட்டும்தான்.

பேவர் பிளாக்கிலிருந்து வருகிறேன். சித்திரை வைகாசியில் 40 டிகிரியைத் தாண்டுவது நம் ஊரில் செய்தியே இல்லை. சுற்றிலும் பாறைக் குன்றுகள் வேறு. பகலெல்லாம் வாங்கிய சூட்டை ராத்திரிதான் வெளியே விடும். கோயில் முன்வாசலில் ஏற்கெனவே பேவர் போட்டிருக்கிறோம். ஆராதனை முடிந்து வெளியே வரும் பாட்டிமார், செருப்பு கழற்றிய இடத்துக்குப் போவதற்குள் படும் பாட்டை ஒருநாள் நின்று பாருங்கள். ஒரு கையால் புடவைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்து, மறு கையில் பைபிளை இடுக்கி, குதிகாலை மட்டும் ஊன்றிக்கொண்டு ஓடுகிறார்கள். அதே கல்லைத் தோப்புக்குள்ளும் கொண்டுபோய்ப் போடுவானேன்?

சூடு பாதிதான். தண்ணீரை உறிஞ்சுகிற மெல்லிய வேர்கள் பெரும்பாலும் மேல்மண்ணிலேயே பரந்திருக்கும். அவற்றுக்குக் காற்றும் வேண்டும். பேவருக்காக மண்ணைத் திம்மிசு போட்டு இறுக்கி, எம்-சாண்ட் கொட்டி, ஓரத்துக்கு கான்கிரீட் கட்டினால் மரம் மூச்சுமுட்டும். உடனே சாகாது. சில வருஷம் கழித்து உச்சிக்கிளையிலிருந்து காயத் தொடங்கும். அதற்குள் கமிட்டி மாறியிருக்கும், யாரையும் கேட்க முடியாது. டில்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் இருக்கும் கான்கிரீட்டைப் பெயர்த்தெடுக்கச் சொல்லி 2013இலேயே தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவு போட்டது. அங்கே காசு கொடுத்துப் பெயர்த்ததை இங்கே காசு கொடுத்துப் போட வேண்டாம். அந்தச் சிமென்ட் மேடைகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அதற்குப் பதில் கிராவல் போதும். நாலங்குலத்துக்குப் பரப்பி, தண்ணீர் தெளித்து, சின்ன ரோலரை நாலு தடவை ஓட்டினால் கெட்டிப்பட்டுவிடும். நடுவில் லேசாக மேடு வைத்தால் மழைத்தண்ணீர் இரண்டு பக்கமும் இறங்கி மரத்துக்கே போகும். அகலம் நாலடி இருக்கட்டும், இரண்டு பேர் பேசிக்கொண்டு நடக்கலாம். கோயில் வாசலிலிருந்து அந்தப் பெரிய தூங்குமூஞ்சி மரம் வரைக்கும் மட்டும் ஐந்தடி வையுங்கள், சரிவு பன்னிரண்டுக்கு ஒன்றைத் தாண்டாமல். சக்கர நாற்காலியில் வருகிறவர்களும் நிழல் வரைக்காவது போகலாம். அதற்கு அப்பால் பாதை வேருக்கு விலகி வளைந்து போகட்டும். நேர்கோடாகப் போட்டால் ஜனங்கள் வேகமாக நடப்பார்கள்; வேக நடைக்குத்தான் கோட்டை மைதானம் இருக்கிறதே.

அப்புறம் சருகு. "தோப்பு முழுக்கக் குப்பையாகக் கிடக்கிறது, தினம் கூட்டி எரிக்க ஒரு ஆள் போட வேண்டும்" என்று ஒரு பெரியவர் சொன்னாராம். அண்ணா, அந்தத் தோப்பில் உருப்படியான சொத்து அந்தச் சருகுதான். அது வெயிலில் மண்ணின் ஈரத்தைக் காக்கிறது, மக்கி உரமாகிறது. கூடவே ஒரு விருந்தாளியையும் வரவழைக்கிறது. ஐப்பசி வாக்கில் வடக்கே இருந்து ஆறுமணிக்குருவி வரும். விடியும்போதும் பொழுது சாயும்போதும் இரண்டே சுரத்தில் விசிலடிக்கும். அந்த நேரத்தை வைத்துத்தான் அதற்கு அந்தப் பெயர். மைனா அளவுதான் இருக்கும், வால் குட்டை. முதுகு பச்சை, இறக்கையில் ஒரு துண்டு நீலம், அடிவயிற்றில் குங்குமச் சிவப்பு, கண்ணுக்குக் குறுக்கே தடித்த கறுப்புக் கோடு. புங்கமரத்தடியில் தத்தித் தத்திப் போய் அலகால் ஒரு இலையைப் புரட்டும், நிற்கும், தலையைச் சாய்க்கும், அடுத்த இலையைப் புரட்டும். புழுவும் பூச்சியும் அந்த இலைக்கு அடியில்தான். கூட்டிப் பெருக்கிய தரையில் அதற்கு வேலை இல்லை. அதைப் பார்க்க ஒருவன் அசையாமல் கால்மணி நேரம் நின்றானென்றால், நாம் பலகை வைத்துச் சொல்லிக்கொடுக்க நினைக்கிற தியானத்தை அவன் செய்துவிட்டான்.

சரி, பாம்பு? நியாயமான பயம், தட்டிக்கழிக்க மாட்டேன். கண்ணாடிவிரியன் சருகில் கிடந்தால் கண்ணுக்குத் தெரியாது. பொழுது சாய்ந்த பிறகுதான் அதிகம் நடமாடும். அதனால் பாதையையும் அதன் இரண்டு ஓரத்திலும் இரண்டடியையும் சுத்தமாகப் பெருக்கிவிடுவோம். சருகெல்லாம் அதற்கு உள்ளே மரத்தடியில் கிடக்கட்டும். இருட்டும் முன் கேட்டைப் பூட்டிவிடலாம்; விளக்குக் கம்பத்துக்கும் அப்போது அவசியம் இருக்காது. முக்கியமாக, கல்யாணச் சாப்பாடு முடிந்ததும் எச்சில் இலையைத் தோப்பு மூலையில் கொட்டும் பழக்கம் நிற்க வேண்டும். சோற்றுக்கு எலி வருகிறது, எலிக்குப் பாம்பு வருகிறது. கொட்டுவது நாம், பழி மரத்துக்கு.

இன்னொரு எதிர்ப்பும் வரும், எனக்குக் காதில் விழுந்துவிட்டது: "நடந்து நடந்து ஜெபிக்கிறதெல்லாம் ஆர்.சி.காரங்க பழக்கம், நமக்கு எதுக்கு?" அவர்களுடைய 14 நிலைகள் கொண்ட சிலுவைப்பாதையை மனதில் வைத்துச் சொல்கிறார்கள். தவக்காலத்தில் வெயிலென்றும் பாராமல் முழங்கால் போட்டு எழுந்து அவர்கள் நடப்பதில் எனக்கு மரியாதைதான். ஆனால் இதற்கு ஆர்.சி. வரைக்கும்கூடப் போக வேண்டாம், ஆதியாகமம் இருபத்துநாலாம் அதிகாரம் போதும். ஈசாக்கு சாயங்கால வேளையில் தியானம் பண்ண வெளியே போகிறார். கண்ணை ஏறெடுத்துப் பார்த்தால் ஒட்டகங்கள் வருகின்றன, அதில் ஒன்றில் ரெபேக்காள். தியானம் பண்ணப் போனவருக்குப் பெண்டாட்டி கிடைத்த கதையை நம் வாலிபர் கூட்டத்தில் சொல்லிப் பாருங்கள், பாதைக்கு ஆள் தானாகச் சேரும்.

நடந்துகொண்டே நினைப்பது நம் மண்ணுக்குப் புதிதும் இல்லை. பழைய வட ஆற்காடு ஜில்லாவில் இருந்த திருவண்ணாமலையில் மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர் ஜனங்கள் காலங்காலமாக நடக்கிறார்கள். நம் பக்கத்துக் குடும்பங்களில் பௌர்ணமிக்குப் போய்வந்த ஒரு தாத்தாவாவது இருப்பார்.

கோயிலும் காடும் ஒட்டியிருப்பதற்கு எத்தியோப்பியாவைப் பாருங்கள். அந்த நாட்டின் வடபகுதியில் உழவுக்கும் மேய்ச்சலுக்கும் காட்டை அழித்துவிட்டார்கள். மிஞ்சிய சொந்த மரங்கள் பெரும்பாலும் ஆர்த்தடாக்ஸ் கோயில்களைச் சுற்றித்தான் நிற்கின்றன. மேலிருந்து எடுத்த படத்தில் பழுப்பு வயல்களுக்கு நடுவே பச்சை வட்டங்கள், ஒவ்வொரு வட்டத்துக்கும் நடுவில் ஒரு கோயில். ஏதேன் தோட்டத்தின் சாயல் என்று அதைக் காத்திருக்கிறார்கள். மாடு உள்ளே புகுந்து கன்றுகளைத் தின்றுவிடுகிறது என்றதும் என்ன செய்தார்கள் தெரியுமா? வயலில் இடைஞ்சலாகக் கிடந்த கற்களைப் பொறுக்கி வந்து, சிமென்ட் இல்லாமல் அடுக்கிச் சுற்றுச்சுவர் வைத்தார்கள். வயலும் சுத்தம், காடும் பத்திரம். நமக்குச் சுவரும் இருக்கிறது, மரமும் இருக்கிறது.

அமெரிக்காவிலிருந்து உங்கள் மகன் அனுப்பிய அந்த வட்டச் சுழல்பாதைப் படத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அதன் மூலம் பிரான்சில் சார்த்ர் பேராலயத்தின் தரையில் இருக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கல்வேலை. ஏறக்குறைய 13 மீட்டர் அகலத்துக்குள் ஒரே பாதை சுற்றிச் சுற்றி நடுவுக்குப் போகும், முட்டுச்சந்தே கிடையாது. அருமையான யோசனைதான். ஆனால் அது கூரைக்கு அடியில் இருக்கிறது. நாம் அதைத் திறந்த மைதானத்தில் கருங்கல்லில் இழைத்தால் சாயங்காலம் வரைக்கும் அங்கே தோசை வார்க்கலாம். வேண்டுமானால் தூங்குமூஞ்சி நிழலில், மண்ணில் செங்கல்லைப் பதித்து வாலிபர்களே செய்யட்டும். வருஷத்துக்கு ஒரு தடவை அந்த மரத்தின் காய்ந்த கிளைகளை மட்டும் கழித்துவிட வேண்டும். ஆடிக்காற்றில் சட்டென்று முறிகிற ஜாதி.

புதிதாக மரம் வைப்பதாக இருந்தால் புங்கனும் வேம்பும் நாவலும் இலுப்பையும் வையுங்கள். பங்குனியில் ஊரெல்லாம் வறண்டு கிடக்கும்போது புங்கன் புதுத் தளிர் விட்டு நிற்கும். புங்க நிழலின் குளிர்ச்சியை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இவ்வளவும் பாதையைப் பற்றி. எனக்கு உண்மையில் சொல்ல வேண்டியிருந்தது கேட்டைப் பற்றி.

பிளானில் 'சபையாருக்கு மட்டும்' என்று போட்டிருக்கிறது. அண்ணா, நம் ஊர் என்ன ஊர்? 1900இல் அமெரிக்க மிஷனரி டாக்டர் ஐடா ஸ்கடர் ஒரே ஒரு கட்டிலோடு தொடங்கிய வைத்தியத்தை நம்பி இன்றைக்கும் வங்காளம், ஜார்க்கண்ட், அசாம், பங்களாதேஷ் வரைக்கும் இருந்து ரயிலேறி வருகிற ஊர். அவருடைய பெரியப்பாமார் 1853இல் தொடங்கிய ஆற்காடு மிஷன்தான் நாம் நிற்கும் இந்த மண்ணையும் விட்டுப்போனது. வந்தவர்கள் அந்த அம்மாவின் சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு எதிரே சந்துகளில் இருக்கும் லாட்ஜ் அறைகளில் வாரக்கணக்கில் தங்குகிறார்கள். ரிசல்ட் வர வேண்டும், தேதி கிடைக்க வேண்டும், கீமோ அடுத்த சுற்று தொடங்க வேண்டும். அதுவரை ஜன்னல் இல்லாத அறையில் ஸ்டவ்வை வைத்து மீன் குழம்பும் சோறும் ஆக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். வெளியே வந்தால் ஆட்டோ, ஹாரன், மருந்துக்கடை, எஸ்டிடி பூத் காலத்திலிருந்து மாறாத நெரிசல். அழுவதற்குக்கூட இடம் கிடையாது.

ஒரு வியாழக்கிழமை மத்தியானம் அப்படி ஒருவர் நம் கேட்டுக்கு வெளியே நின்றார். கையில் பெரிய எக்ஸ்ரே கவர். உள்ளே மர நிழலைக் காட்டி, 'உட்காரலாமா' என்று சைகையில் கேட்டார். வாட்ச்மேன் "சண்டே, சண்டே" என்றார். அவர்மேல் தப்பில்லை, நாம் சொல்லிவைத்ததைத்தான் சொன்னார். அந்த மனிதர் தலையாட்டிவிட்டுச் சுவரோரம் அரையடி நிழலில் குந்தினார்.

நடைபாதை அவருக்காக இருக்கட்டும். காலை ஆறிலிருந்து பத்து, மாலை நாலிலிருந்து ஆறு, வாரம் முழுக்க. யார், எந்த மதம், எதற்கு வந்தீர்கள் என்று யாரும் கேட்கக் கூடாது, கைப்பிரதியும் நீட்டக் கூடாது. பத்தடிக்கு ஒரு வசனப் பலகைக்குப் பதில் வாசலில் ஒரே பலகை: 'உள்ளே வரலாம். நடக்கலாம். உட்காரலாம்.' தமிழ், இந்தி, வங்காளம், ஆங்கிலம். கூடவே ஒரு குடிதண்ணீர்க் குழாய், ஒரு கழிப்பறை, முதுகு சாய்க்கிற மாதிரி நாலைந்து பெஞ்சு. ஸ்பீக்கருக்கு ஒதுக்கிய காசு கழிப்பறைக்குச் சரியாகப் போகும். பெஞ்சில் மட்டும் 'இன்னார் நினைவாக அன்பளிப்பு' என்று எழுதாமல் இருக்க முடியுமா என்று பாருங்கள். நம் கோயில் மின்விசிறியில் பெயர் எழுதாத இறக்கை ஒன்றுகூட மிச்சமில்லை.

திருட்டு, குப்பை, காதல் ஜோடி என்று கமிட்டியில் பேச்சு வரும். வரட்டும். பகல் வேளை, ஒரே கேட், ஒரு வாட்ச்மேன், சாயங்காலம் நடக்க வரும் நம் பெரியவர்கள் பத்துப் பேர். இதற்கு மேல் காவல் எதற்கு? ஆறு மாதம் பார்ப்போம், சரிப்படவில்லை என்றால் நேரத்தைக் குறைத்துக்கொள்வோம்.

பேவர் பிளாக்குக்கு இன்னும் அட்வான்ஸ் கொடுக்கவில்லை என்று பொருளாளர் சொன்னார். அதை இந்த மாதக் கமிட்டி வரைக்கும் நிறுத்தி வையுங்கள், போதும். சனிக்கிழமை சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் வாருங்கள். கயிறும் சுண்ணாம்புத் தூளும் நான் கொண்டுவருகிறேன். எந்த வேருக்கு எந்தப் பக்கம் விலக வேண்டும் என்று நடந்தே கோடு போட்டுவிடலாம். வாட்ச்மேன் அண்ணனையும் கூட வைத்துக்கொள்வோம், எங்கே தண்ணீர் தேங்கும் என்று அவருக்குத்தான் தெரியும்.

அன்புடன்,
கிழக்கு வாசல் பக்கம் உட்காரும் உங்கள் தம்பி