விற்பவரைக் கட்டும் சட்டம் தாயைக் கட்டவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குழந்தைக்கு எந்தப் பாலைப் புகட்டுவது என்பதைப் பெற்றோர்தான் முடிவுசெய்ய வேண்டும், அதில் அரசு ஏன் தலையிடுகிறது என்று கேட்டு, பால் பவுடர் விளம்பரத் தடையை நீக்கச் சொல்லித் தங்கள் இதழில் சென்ற மாதம் வெளிவந்த கட்டுரையை இருமுறை படித்தேன். முடிவு பெற்றோருடையது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால், அரசு மருத்துவமனையின் பிரசவ வார்டில் நெடுங்காலம் செவிலியராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவள் என்ற முறையில், அந்த முடிவு எந்த வேளையில், எந்த நிலையில், யாருடைய பேச்சைக் கேட்டு எடுக்கப்படுகிறது என்பதைக் கட்டுரையாளர் கருத்தில் கொள்ளவில்லை என்று உறுதியாகச் சொல்வேன்.

கட்டுரை குறைகூறும் சட்டம், குழந்தைகளுக்கான பால் மாற்றுப் பொருள்கள், பால் புட்டிகள், குழந்தை உணவுகள் ஆகியவற்றை முறைப்படுத்தும் 1992ஆம் ஆண்டுச் சட்டம். 1993 ஆகஸ்ட் 1 முதல் நடைமுறையில் உள்ள இச்சட்டம் 2003இல் திருத்தப்பட்டு, இரண்டு வயது வரையிலான குழந்தைகளுக்கு விற்கப்படும் உணவுகள் அனைத்தையும் தன் வரம்புக்குள் கொண்டுவந்தது. இந்தப் பொருள்களுக்கு விளம்பரம் செய்யக் கூடாது. இலவச மாதிரி கொடுக்கக் கூடாது. மருத்துவமனையில் சுவரொட்டி ஒட்டக் கூடாது. மருத்துவர்க்கோ செவிலியர்க்கோ பரிசும் பணமும் தரக் கூடாது. டப்பாவின்மேல் கொழுகொழுவென்ற குழந்தையின் படமோ தாயின் படமோ இருக்கக் கூடாது. இவை யாவும் விற்பவர்க்கு விதிக்கப்பட்ட கட்டுப்பாடுகள். மருந்துக் கடைக்குச் சென்று பால் பவுடர் வாங்கும் தாயையோ தந்தையையோ தடுத்து நிறுத்தும் வரி ஒன்றுகூடச் சட்டத்தில் இல்லை. எந்தப் பெற்றோரும் எந்த நாளிலும், யாரிடமும் காரணம் சொல்லாமல், பால் பவுடரை வாங்கிக்கொள்ளலாம்.

அப்படியானால் இலவச மாதிரிக்கு மட்டும் ஏன் இத்தனை கடுமை என்று கேட்கலாம். அதற்கான விடை தாயின் உடலில் இருக்கிறது. குழந்தை சப்பச் சப்பத்தான் பால் ஊறும். சப்பும்போது புரோலாக்டின், ஆக்சிடோசின் என்னும் இயக்குநீர்கள் தாயின் உடலில் சுரக்கின்றன. மார்பிலிருந்து பால் எடுக்கப்பட்டால்தான் அடுத்த வேளைக்குப் பால் பெருகும். முதல் இரண்டு மூன்று நாட்களில் வருவது சீம்பால் மட்டுமே. பார்ப்பதற்குச் சில துளிகளாகத் தெரிந்தாலும் பிறந்த குழந்தையின் சிறிய வயிற்றுக்குப் பெரும்பாலும் அதுவே போதும். சிசேரியன் ஆன தாய்க்குப் பால் நன்றாகச் சுரப்பதற்குக் கூடுதலாக ஒருநாள் ஆகலாம். அந்த இடைவெளியில் குழந்தை அழும். தையல் வலியோடு படுத்திருக்கும் பெண்ணின் காதுபடவே, 'இவளுக்குப் பால் இல்லை' என்று சுற்றியிருக்கும் உறவினர்கள் தீர்ப்பு எழுதிவிடுவார்கள். அந்த வேளையில் கைக்கெட்டும் தூரத்தில் ஓர் இலவச டப்பா இருந்தால் என்ன நடக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. புட்டியில் குடித்த குழந்தை வயிறு நிறைந்து தூங்கிவிடும், மார்பைத் தேடாது. தேடாததால் சுரப்பு குறையும். சுரப்பு குறைந்ததால் மறுபடியும் புட்டி. டப்பா தீர்வதற்குள் பலருக்குப் பால் வற்றிவிடும். அதன்பின் அந்தப் பெண்ணிடம் மிச்சமிருக்கும் தேர்வுரிமை, எந்தக் கம்பெனியின் டப்பா என்பது மட்டுமே.

தாய்மார்களுக்கான தகவல் ஏடுகளைப் பற்றிய 7ஆம் பிரிவு இதை அறிந்தே எழுதப்பட்டிருக்கிறது. புட்டிப்பாலுக்குப் பழகிய குழந்தையை மீண்டும் தாய்ப்பாலுக்குத் திருப்புவதில் உள்ள சிரமத்தையும், அதனால் குடும்பத்துக்கு ஏற்படும் செலவையும் அத்தகைய ஏடுகள் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்கிறது அப்பிரிவு. முடிவெடுக்கும் முன்பே பெற்றோர்க்கு முழு விவரமும் தெரிந்திருக்க வேண்டும் என்பதே இதன் நோக்கம். இது எப்படிச் சுதந்திரத்தைப் பறிப்பதாகும்?

செலவு என்று சொன்னேன். அதையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். நான்கு கிலோ எடையுள்ள குழந்தைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 600 மில்லி பால் வேண்டும். அதற்குச் சுமார் 80 கிராம் பவுடர் தேவை என்றால், 400 கிராம் டப்பா ஐந்தே நாட்களில் தீர்ந்துவிடும். மாதத்துக்கு ஆறு டப்பாக்கள். கூலிக் குடும்பங்களில் இந்தக் கணக்கு எங்கே போய் முடியும் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். கரண்டியில் பவுடர் குறையும், தண்ணீர் கூடும். நீர்த்த பாலைக் குடித்து எடை ஏறாமல் வந்த குழந்தைகளையும், சரியாகக் கொதிக்க வைக்காத புட்டியால் வயிற்றுப்போக்கு கண்டு வந்த குழந்தைகளையும் வார்டில் தூக்கிச் சுமந்தவர்களுக்கு, 'விளம்பரமும் ஒரு தகவல்தானே' என்ற கட்டுரையாளரின் வாதம் மிகுந்த வருத்தத்தையே தரும்.

அதே நேரத்தில் கட்டுரையில் ஒரு பகுதி என்னை ஆழமாகத் தொட்டது. பால் பவுடர் கேட்ட தாயை மருத்துவமனையில் குற்றவாளிபோல் நடத்தினார்கள் என்று அவர் எழுதியிருப்பது பல இடங்களில் நடப்பதுதான். குறைமாதக் குழந்தைகளில் சிலர், கேலக்டோசீமியா போன்ற பிறவிக் கோளாறு உள்ள குழந்தைகள், புற்றுநோய்க்கு மருந்து எடுக்கும் தாய்மார்கள், பிரசவத்தில் தாயை இழந்த குழந்தைகள் என்று மாற்றுப்பால் உண்மையாகவே தேவைப்படுவோர் இருக்கிறார்கள். காரணம் எதுவும் சொல்ல விரும்பாமல் புட்டிப்பாலைத் தேர்ந்தெடுக்கும் பெண்ணும் இருக்கிறாள். அவளும் மதிக்கப்பட வேண்டியவளே. இவர்களிடம், 'சட்டம் இருக்கிறது, நாங்கள் அதைப் பற்றிப் பேசக் கூடாது' என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொள்ளும் ஊழியர்கள் சட்டத்தைப் படிக்கவில்லை. மாற்றுப்பாலை எப்படிக் கரைத்துப் புகட்டுவது என்பதைத் தாய்க்கோ குடும்பத்தார்க்கோ செய்துகாட்டும் உரிமையைச் சுகாதாரப் பணியாளர்க்கு மட்டுமே தருகிறது 8ஆம் பிரிவு. தவறாகப் பயன்படுத்தினால் வரும் ஆபத்தை அவர் தெளிவாக விளக்க வேண்டும் என்றும் கூறுகிறது. பாலூட்ட இயலாத, வாங்கவும் வசதியற்ற தாய்க்கு மருத்துவமனையே மாற்றுப்பால் வழங்கலாம் என்பதும் அதே பிரிவில்தான் உள்ளது. சட்டம் பேசச் சொன்ன இடத்தில் நாம் வாயை மூடிக்கொண்டு, ஆறுதல் சொல்ல வேண்டிய இடத்தில் அதட்டினால், அந்தப் பிழை சட்டத்தினுடையது ஆகாது.

வெளிநாட்டு எடுத்துக்காட்டாகக் கட்டுரையாளர், மருத்துவமனைகளில் பால் பவுடர் கொடுப்பதைக் கட்டுப்படுத்திய நியூயார்க் நகரத் திட்டத்தைக் காட்டுகிறார். 2012இல் மேயர் மைக்கேல் புளூம்பெர்க் காலத்தில் தொடங்கிய அத்திட்டத்தில் மருத்துவமனைகள் விருப்பத்தின் பேரில்தான் சேர்ந்தன. பால் பவுடரை மருந்துகளைப் போலப் பூட்டிவைத்துக் கணக்கெழுதிக் கொடுத்தார்கள். கேட்ட தாய்க்கு மறுக்கவில்லை. ஆனாலும், பூட்டைத் திறக்கச் சொல்லிக் கேட்பதே ஒரு பெண்ணைக் கூசச் செய்யும் என்று அங்கே எழுந்த எதிர்ப்பு எனக்குப் புரிகிறது. 2014இல் ஐக்கிய அரபு அமீரகத்தின் கூட்டாட்சி தேசிய மன்றம், தாய்மார்கள் இரண்டாண்டுகள் பாலூட்ட வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் பிரிவை ஏற்றபோது அது எல்லை மீறிய செயல் என்றே நினைத்தேன். இன்றும் அப்படியே நினைக்கிறேன். பெண்ணின் உடலுக்கு ஆணையிடும் அதிகாரம் எந்த அரசுக்கும் கிடையாது. நம் நாட்டுச் சட்டம் அந்தப் பாதையில் ஓர் அடிகூட வைக்கவில்லை என்பதைக் கட்டுரையாளர் நேர்மையோடு சொல்லியிருக்க வேண்டும்.

தேர்வு செய்யும் சுதந்திரத்தைப் பற்றிப் பேசுவதென்றால், வேலைக்குப் போகும் பெண்களைப் பற்றித்தான் முதலில் பேச வேண்டும். தமிழ்நாட்டில் அரசு ஊழியரான பெண்ணுக்கு 2021 ஜூலை முதல் 12 மாத மகப்பேறு விடுப்பு உண்டு. மகப்பேறு நலச் சட்டம் 2017இல் திருத்தப்பட்டது முதல், சட்ட வரம்புக்குள் வரும் நிறுவனங்களில் பணிபுரிவோர்க்கு முதல் இரண்டு குழந்தைகளுக்கும் 26 வாரம் உண்டு. எங்கள் மாவட்டத்தில் வீட்டில் உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டும் பெண்ணுக்கும், கட்டடத்தில் சித்தாளாகப் போகிறவளுக்கும், வயலில் களை எடுப்பவளுக்கும் என்ன உண்டு? டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில், ஊட்டச்சத்துப் பெட்டகத்தின் மதிப்பையும் சேர்த்து, 18,000 ரூபாய். அது நல்ல திட்டம்தான். ஆனால் ஆறு மாதக் கூலிக்கு அது ஈடாகாது. மூன்றாம் மாதமே வேலைக்குத் திரும்பும் பெண், குழந்தையைப் பாட்டியிடமும் புட்டியிடமும் விட்டுச் செல்வதைப் பெற்றோரின் விருப்பத் தேர்வு என்று அழைப்பது அவளுக்குச் செய்யும் அநீதி. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் ஏறக்குறைய எல்லாப் பிரசவங்களும் மருத்துவமனைகளில்தான் நடக்கின்றன. ஆயினும் பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் பெறும் குழந்தைகள் நூற்றுக்கு அறுபது பேர்தான். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளில் தாய்ப்பால் மட்டுமே குடிப்பவர்கள் நூற்றுக்கு ஐம்பத்தைந்து பேர். இத்தனை ஆண்டுகளாக விளம்பரத் தடை இருந்தும் நிலைமை இதுவென்றால், தடையை நீக்கச் சொல்வது எந்த நியாயத்தில் சேரும்?

சட்டத்தில் ஓட்டைகள் இல்லாமல் இல்லை. விளம்பரத் தடையை மீறினால் மூன்றாண்டு வரை சிறை என்று எழுதியிருந்தாலும், அபராதத்தின் உச்சவரம்பு 5,000 ரூபாய்தான்; பெரிய கம்பெனிகளுக்கு அது ஒரு செலவே அன்று. அதிகாரம் பெற்ற அலுவலரோ அரசு அறிவிக்கை செய்த தன்னார்வ அமைப்போ புகார் கொடுத்தால்தான் நீதிமன்றம் வழக்கை ஏற்கும். தன் கையிலேயே இலவச டப்பா திணிக்கப்பட்ட தாய் நேரடியாகப் போய் வழக்குத் தொடுக்க முடியாது. மூன்று வயது வரையிலான குழந்தைகளுக்கு விற்கப்படும் பால் பொருள்களையும் இந்தக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவர வேண்டும் என்று 2016இல் உலக சுகாதாரப் பேரவையில் வைக்கப்பட்ட வழிகாட்டுதல் கூறியது. நம் சட்டம் இரண்டு வயதோடு நின்றுவிடுவதால், அதே பெயரும் அதே நிறமும் கொண்ட 'வளரும் குழந்தைகளுக்கான' டப்பாவைக் காட்டியே கைக்குழந்தைக்கான டப்பாவையும் நினைவில் பதிய வைத்துவிட முடிகிறது. என் தங்கை மகளின் பிரசவத்தின்போது ஒரு தனியார் மருத்துவமனையில், யாரும் கேட்காமலேயே மருந்துச் சீட்டில் ஒரு பவுடரின் பெயர் எழுதித் தரப்பட்டது. ஏன் என்று கேட்டதற்கு, 'எல்லோருக்கும் எழுதுவதுதான்' என்று பதில் வந்தது.

ஆகவே, அபராதத்தை நிறுவனத்தின் விற்பனை அளவோடு இணைக்கவும், பெற்றோர் நேரடியாகப் புகார் அளிக்க வழிசெய்யவும், மூன்று வயது வரை வரம்பை நீட்டிக்கவும் மத்திய அரசு சட்டத்தைத் திருத்த வேண்டும். தனியார், அரசு என்ற வேறுபாடின்றி ஒவ்வொரு பிரசவ வார்டிலும், பால் நன்றாகச் சுரக்கும்வரை தாயின் அருகில் உட்கார்ந்து குழந்தையை மார்பில் பொருத்திக் காட்டவும், மாற்றுப்பால்தான் வேண்டும் என்று முடிவெடுத்தவர்க்கு அதைச் சுத்தமாகக் கரைக்கும் முறையைப் பொறுமையோடு சொல்லித்தரவும் பயிற்சி பெற்ற செவிலியர் ஒருவரையாவது அமர்த்த மாநில சுகாதாரத் துறை முன்வர வேண்டும். கட்டுரையாளரும் இக்கோரிக்கைகளை ஆதரித்து எழுத வேண்டும் என்று தங்கள் இதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்,
விருதுநகர் மாவட்டம்.