மாற்றாத பெட்ரோல் ஃபில்டருக்குப் பணம் வசூலித்தது குறித்த புகார்

அனுப்புநர்:
கார் உரிமையாளர்,
வேதாளை, மண்டபம் வழி,
இராமநாதபுரம் மாவட்டம்.

பெறுநர்:
தலைவர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
கார் தயாரிப்பு நிறுவனத் தலைமை அலுவலகம்.

பொருள்: தங்கள் அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டர், பெட்ரோல் ஃபில்டரை மாற்றாமலேயே மாற்றியதாகப் பில் போட்டது, தொகையைத் திருப்பித் தரவும் சேதத்தைச் சரிசெய்யவும் கோருதல்.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். தங்கள் நிறுவனத்தின் பெட்ரோல் காரை 2012-ஆம் ஆண்டு இராமநாதபுரம் ஷோரூமில் புதிதாக வாங்கினேன். அன்று முதல் தங்கள் சர்வீஸ் சென்டரைத் தவிர வேறெங்கும் வண்டியை விட்டதில்லை. 2021, 2024 ஆகிய ஆண்டுகளின் சர்வீஸ் பில்கள் இரண்டிலும் பெட்ரோல் ஃபில்டர் மாற்றியதாகக் குறிப்பிட்டு, பொருளின் விலையும் கூலியும் தனித்தனியே வசூலிக்கப்பட்டுள்ளன. கார் தொழிற்சாலையை விட்டு வந்த நாளிலிருந்து அந்த ஃபில்டர் ஒருமுறைகூடக் கழற்றப்படவில்லை என்பதே என் புகார்.

2024 சர்வீஸ் முடிந்த சில வாரங்களிலேயே, பாம்பன் சாலைப் பாலத்தின் ஏற்றத்தில் ஆக்ஸிலேட்டரை எவ்வளவு மிதித்தாலும் வண்டி இழுக்கவில்லை. சமதரையில் மெதுவாக ஓட்டும்போது ஒரு குறையும் தெரியவில்லை. பெட்ரோல் போதிய அளவு எஞ்சினுக்கு வராதபோது இப்படி நேர்வது வழக்கம் என்பதால், ஃபில்டரைப் பாருங்கள் என்று சர்வீஸ் அட்வைசரிடம் நானே சொன்னேன். "ஃபில்டர் போன சர்வீஸில்தானே சார் மாற்றினோம், பில்லைப் பாருங்கள்" என்று பதில் வந்தது. அதன்பின் ஸ்பார்க் பிளக்குகளை மாற்றி, எஞ்சினுக்குள் பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களைச் சுத்தம் செய்து, அவற்றுக்கும் தனியாகப் பணம் வாங்கிக்கொண்டார்கள். வண்டி பழையபடியேதான் திணறியது.

ஆகவே, எங்கள் பகுதியில் விசைப்படகு எஞ்சின்களைப் பழுது பார்க்கும் மெக்கானிக் ஒருவரின் துணையோடு வீட்டிலேயே அதைக் கழற்ற முடிவு செய்தோம். இன்ஜெக்ஷன் வண்டியில் பெட்ரோல் லைன் எப்போதும் அழுத்தத்தில் இருக்கும் என்பதால், பெட்ரோல் பம்ப்பின் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு, எஞ்சின் தானாக அணையும்வரை ஓடவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் ஒயரையும் கழற்றிய பிறகே வண்டியை ஸ்டாண்டுகளில் ஏற்றினோம். டேங்குக்குச் சற்று முன்னால், வண்டியின் அடியில், எந்த மறைப்பும் இல்லாமல் ஃபில்டர் தொங்கிக்கொண்டிருந்தது. இரு முனைகளிலும் குழாயை ஃபில்டரோடு இணைக்கும் யூனியன் நட்டுகள், ஸ்பேனர் சரியாகப் பிடிக்காத அளவுக்கு முனை மழுங்கித் துருவில் உருண்டு போயிருந்தன. கம்பி பிரஷால் தேய்த்து, துரு இளக்கும் ஸ்பிரேயை அடித்து, ஓர் இரவு முழுதும் ஊறவிட்டோம். படகில் இறுகிய நட்டுக்குத் தீக்காட்டுவது அவருக்குக் கைவந்த கலை. பெட்ரோல் லைனில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. ஃபில்டரின் அறுகோணத்தை ஒரு ஸ்பேனரால் அசையாமல் பிடித்துக்கொண்டு மற்றொன்றால் நட்டைத் திருப்பியபோது, எஞ்சின் பக்க நட்டு முனகிக்கொண்டே இளகியது. டேங்க் பக்க நட்டோ குழாயோடு ஒட்டிப் பிடித்திருந்ததால், நட்டோடு சேர்ந்து இரும்புக் குழாயும் முறுக்கிக்கொண்டு விரிசல் விட்டுவிட்டது. கிரைண்டரின் தீப்பொறிக்கு அஞ்சி, ஃபில்டரை அடிச்சட்டத்தோடு பிடித்திருந்த கிளாம்ப்பின் போல்ட்டைக் கைரம்பத்தால் அறுத்தே எடுத்தோம்.

கழற்றியதை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். கிளாம்ப் போல்ட்டின் தலைமீது, தொழிற்சாலையில் அடித்த கறுப்பு அண்டர்கோட்டிங் (துருத்தடுப்புப் பூச்சு) அடிச்சட்டத்தோடு ஒரே படலமாக, எங்கும் விரிசலின்றி ஒட்டியிருந்தது. அந்த போல்ட்டைத் திருப்பாமலோ அறுக்காமலோ ஃபில்டரை வெளியே எடுக்க வழியே இல்லை. ஃபில்டரின் உடலை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தபோது, துருவுக்கு அடியில் பொறித்திருந்த தயாரிப்பு ஆண்டு 2011 என்று தெளிவாகத் தெரிந்தது. உள்வழியைக் கீழே சாய்த்து வெள்ளைக் கிண்ணத்தில் ஊற்றியபோது, டீ டிகாக்ஷன் நிறத்தில் வண்டலோடு பெட்ரோல் இறங்கியது. "கம்பெனியில மாட்டுனதுக்கு அப்புறம் இதுல ஒரு கை படலைங்க" என்றார் மெக்கானிக். 2024-இல் மாற்றியது உண்மை என்றால், 2011-இல் செய்த ஃபில்டரை என் வண்டியில் புதிதெனப் பூட்டினீர்கள் என்றாகிறது. அந்த விளக்கம் தங்களுக்கு எவ்வகையிலும் பெருமை சேர்க்காது. புதிய ஃபில்டரை அம்புக்குறி எஞ்சின் பக்கம் நோக்கும்படி பொருத்தி, விரிசல் விட்ட குழாய்க்குப் பதிலாகப் புதுக் குழாய் வாங்கிப் போட்ட பிறகு, அதே பாலத்தில் வண்டி தயக்கமின்றி ஏறுகிறது.

இவற்றை நேரில் காட்டியபோது சர்வீஸ் மேனேஜர் இரண்டு பதில்களைச் சொன்னார். வீட்டில் கழற்றியதால் வாரண்டி கிடையாது என்பது முதலாவது. நான் வாரண்டி எதையும் கேட்கவில்லை. செய்யாத வேலைக்கு வாங்கிய கூலியைத்தான் கேட்கிறேன். கடற்கரை வண்டி என்றால் துருப்பிடிக்கத்தான் செய்யும் என்பது இரண்டாவது. வடக்கே பாக் விரிகுடாவும் தெற்கே மன்னார் வளைகுடாவும் இருக்க, வாடையிலும் கச்சானிலும் மாறி மாறி உப்புக்காற்று வீசும் ஊர் இது என்பதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் ரயில் பாலத்தைக்கூடத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும் தனிப் பூச்சும் கொடுத்துத்தான் கட்டினார்கள். இந்தக் காற்றை அறிந்தே இங்கு ஷோரூம் நடத்துகிறவர்கள் வண்டியின் அடிப்பாகத்தைக் கூடுதல் கவனத்தோடு பார்த்திருக்க வேண்டும். 2021-இலேயே ஃபில்டரை உண்மையாக மாற்றியிருந்தால், அந்த நட்டு இந்த அளவுக்கு இறுகியிருக்காது; குழாயும் தப்பியிருக்கும்.

ஆகவே, இரண்டு பில்களிலும் ஃபில்டருக்காகவும் அதன் கூலிக்காகவும் வாங்கிய தொகையையும், தேவையின்றிச் செய்த பிளக், இன்ஜெக்டர் வேலைகளுக்கான தொகையையும், புதுக் குழாயின் விலையையும் திருப்பித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். அந்த இரு சர்வீஸ்களின் ஜாப் கார்டு (செய்த வேலைகளைப் பதியும் அட்டை) நகல்களும், ஃபில்டர் ஸ்டோரிலிருந்து எடுக்கப்பட்டதற்கான பதிவும் எனக்கு எழுத்து மூலம் வேண்டும். என் வண்டிக்கு மட்டும் இப்படி நடந்திருக்கும் என்று நம்ப எனக்குக் காரணமில்லை. தேவிபட்டினம் முதல் கீழக்கரை வரை இதே சென்டரில் வண்டி விடுகிறவர்கள் பலர். அவர்களுடைய வண்டிகளில் ஃபில்டர் பில் போடப்பட்டவற்றையேனும் வேறு ஊர் ஆட்களைக் கொண்டு சோதித்துப் பார்ப்பது தங்கள் பொறுப்பு. துருப்பிடித்த நட்டு, குழாய் வழியே பெட்ரோல் கசிந்தால் என்ன ஆகும் என்று தங்கள் பொறியாளர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

15 நாட்களுக்குள் எழுத்து மூலம் பதில் வராவிட்டால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி சேவைக் குறைபாடு, முறையற்ற வணிக நடைமுறை ஆகிய காரணங்களின்பேரில் இராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனுச் செய்வேன். கழற்றிய ஃபில்டரும் அறுத்த போல்ட்டும் என்னிடம் பத்திரமாக உள்ளன. தங்கள் பிரதிநிதி என் வீட்டுக்கு வந்து பார்வையிடலாம், ஆனால் அவற்றை யாரிடமும் கொடுத்தனுப்ப மாட்டேன். பில்களின் நகல்களையும், அண்டர்கோட்டிங் உடையாத நிலையில் கழற்றுவதற்கு முன் எடுத்த படங்களையும், ஆண்டு பொறித்த பகுதியின் படத்தையும் இத்துடன் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
வேதாளை.