அந்த டிரம்மர் விஷயத்தில் நீ சொன்னது தப்பு

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி இப்போது பரவாயில்லை. பெங்களூர் அல்சூரில் மழை பிடித்துக்கொண்டதால், மாடியில் போட்ட வடகம் மூன்று நாளாகக் காயவில்லை. போனில் பேசினால் பத்தாவது நிமிஷத்தில் நம் இரண்டு பேருக்கும் குரல் ஏறிவிடுகிறது. அதனால் எழுதிவிடுகிறேன்.

நீ பார்க்கச் சொன்ன ஆன்வில் படத்தை, அதான் அந்தக் கனடா ஹெவி மெட்டல் குழுவைப் பற்றிய டாக்குமெண்டரியை, இரண்டு தடவை பார்த்தேன். முதல் தடவை அம்மாவும் உட்கார்ந்தாள். குழுவின் பாடகர் லிப்ஸ் பிழைப்புக்காகப் பள்ளிக்கூடங்களுக்குச் சாப்பாடு கொண்டுபோகிற இடத்தில், "இது நம்ம பையன் இருக்கிற ஊர்தானே?" என்று கேட்டாள். ஆமாம், டொரோன்டோதான் என்றேன். அதற்கப்புறம் அவள் பாட்டைக் கேட்கவே இல்லை. ரோட்டையும் வீடுகளையும்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கு நீ சொன்னது இரண்டு விஷயம். அவர்கள் சுமாரான வாத்தியக்காரர்கள், படத்தை எடுத்த சாஷா ஜெர்வாசி சின்ன வயதில் அவர்களுக்கு மூட்டை தூக்கிய ஆள், அந்தப் பாசத்தில் பரிதாபத்தைக் காட்டித் தூக்கிவிட்டார் என்றாய். அப்புறம், ஐம்பது வயதில் குடும்பத்தை விட்டுவிட்டு ஊர் ஊராகச் சுற்றுவதற்கு, "உங்களை மாதிரி கௌரவமா விட்டிருக்கணும்ப்பா" என்றாய்.

முதலாவதை முதலில் சொல்கிறேன். அதைப் பேசத்தான் எனக்குத் தைரியம் இருக்கிறது.

பாட்டைப் பற்றி உன்னோடு சண்டை இல்லை. மெட்டல் இருக்கிறது, மெட்டுதான் இல்லை. கேட்டு முடித்தபின் வாயில் முணுமுணுக்க ஒரு வரி நிற்கவில்லை. மெட்டில்லாத பாட்டை டிரம்ஸ்காரன் தலைகீழாக நின்றாலும் காப்பாற்ற முடியாது, நான் டிரம்ஸ் வாசித்த எங்கள் ஆர்கெஸ்ட்ராவிலேயே பார்த்திருக்கிறேன்.

ஆனால் அவர்கள் டிரம்மர் ராப் ரைனரைச் சுமார் என்று சொல்லாதே. 1982இல் வந்த 'மெட்டல் ஆன் மெட்டல்' ஆல்பத்தில் '666' என்று ஒரு பாட்டு இருக்கிறது. அதை ஹெட்போன் போட்டு, கிடாரை மறந்துவிட்டு, காலால் பெடலை மிதித்து அடிக்கிற கிக் டிரம்மை மட்டும் கேள். இரண்டு கால், இரண்டு கிக். எங்களை மாதிரி டிரம்ஸ்காரர்களில் முக்கால்வாசிப் பேருக்கு இடது கால் என்பது ஹை-ஹாட் என்கிற ஜோடித் தட்டை மூடித் திறக்கிற எடுபிடி. அதைத் திடீரென்று வலது காலுக்குச் சமமாக உட்காரவைத்தால் தடுமாறும், பத்து அடிக்கு ஓர் அடி மெலியும், இல்லாவிட்டால் முந்திக்கொள்ளும். அந்த ஆளுக்கு எந்த அடி எந்தக் கால் என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. இன்றைக்கு உலகமே கொண்டாடுகிற மெட்டல் குழு மெட்டாலிகாவின் முதல் ஆல்பம் வந்ததே 1983இல்தான் என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள். இன்றைக்கு நீ கேட்கிற பாட்டுகளில் பாதிக்கு ஒவ்வோர் அடியையும் கம்ப்யூட்டரில் இழுத்து நேராக்குகிறார்கள். அதைக் கேட்டுக் கேட்டு, மனுஷன் கால் எப்படிக் கேட்கும் என்பதே உனக்கு மறந்துவிட்டது.

வேகம்தான் வித்தை என்று நான் சொல்லவில்லை. 2007 மார்ச்சில் இங்கே பேலஸ் கிரவுண்ட்ஸுக்கு அயர்ன் மெய்டன் குழு வந்தபோது உனக்கு மட்டும் டிக்கெட் எடுத்தேன், ஞாபகம் இருக்கிறதா? நான் வெளியே ஸ்கூட்டரில் உட்கார்ந்திருந்தேன். கிடார் காற்றோடு வந்து வந்து போயிற்று. கிக் மட்டும் சீட்டுக்கு அடியில் நின்று இடித்தது. நீ வெளியே வந்ததும், டிரம்மருக்கு எத்தனை கால் என்றுதான் முதலில் கேட்டேன். நிக்கோ மெக்பிரெய்ன் ஒற்றைப் பெடலில் அடிக்கிறவர் என்று நீ சொன்னபோது நான் நம்பவில்லை. மேக்ரி சர்க்கிள் வரை அதே சண்டைதான். ஒற்றைக் காலும் வித்தைதான், இரட்டைக் காலும் வித்தைதான். 2011இல் மெட்டாலிகாவுக்குப் போய்வந்து, அவர்கள் டிரம்மர் லார்ஸுக்குத் தாளம் ஓடுகிறது என்று நீயே சொன்னாய். அதே லார்ஸ்தான் இந்தப் படத்தில் வந்து ஆன்வில்லைப் புகழ்கிறார். கை யாருக்கு, கூட்டம் யாருக்கு என்பது வேறு வேறு கணக்கு.

1984இல் ஜப்பானில் ஸ்கார்பியன்ஸ், ஒயிட்ஸ்னேக், பான் ஜோவி எல்லோரோடும் ஒரே மேடையில் வாசித்தவர்கள். மற்றவர்கள் எங்கேயோ போய்விட்டார்கள். இவர்கள் பிராகில் வழி தெரியாமல் தாமதமாகப் போய், வாசித்துவிட்டுக் காசு கேட்டால் கிளப்காரன் கை விரிக்கிறான், லிப்ஸ் அடிதடிக்கே போய்விடுகிறார். அந்த இடத்தில் நான் சிரித்துவிட்டேன். அம்மா முறைத்தாள். எங்களுக்கு ஒரு திருவிழாக் கமிட்டி, பேசிய தொகையில் பாதியும் ஆளுக்கு ஒரு பொட்டலம் கேசரியும் கொடுத்து அனுப்பியது. லிப்ஸ் சட்டையைப் பிடித்தார். நாங்கள் கேசரியைத் தின்றுவிட்டு வேனில் ஏறினோம்.

கடைசியில் மறுபடி ஜப்பான். பெரிய விழா, ஆனால் இவர்களுக்குக் கிடைத்தது காலைப் பதினொன்றரை மணி வாக்கில். மார்கழியில் சென்னை சபாக்களில் புதுப் பிள்ளைகளுக்கு மத்தியானக் கச்சேரி கொடுப்பார்களே, அது மாதிரி. அரங்கம் காலியாக இருக்கும் என்று பயந்துகொண்டு போகிறார்கள். நிரம்பியிருக்கிறது. அந்த இடத்தை நீ சினிமாத்தனம் என்றாய். இருக்கலாம். நான் அந்த நேரத்தில் ராப்பின் முகத்தைத்தான் பார்த்தேன்.

சரி, இரண்டாவது விஷயம்.

நான் கௌரவமாக விடவில்லை, தம்பி. நீ பிறந்தாய், செலவு கூடியது, அதனால் ஃபேக்டரி வேலையோடு நிறுத்திக்கொண்டேன் என்று உன்னிடம் சொல்லியிருக்கிறேன். சொந்தக்காரர்களிடம் சொன்ன காரணம் வேறு. 91 டிசம்பர் காவிரிக் கலவரத்துக்கு அப்புறம் தமிழ்ப் பாட்டுக் கச்சேரி வைக்க எல்லோரும் பயந்தார்கள், அதோடு போயிற்று என்பேன். அது நடந்ததும் உண்மைதான். ஆனால் சில மாதத்தில் கச்சேரிகள் திரும்ப வந்துவிட்டன. நான்தான் திரும்பப் போகவில்லை.

எங்கள் கீபோர்டுக்காரர் சிங்கப்பூரிலிருந்து ஓர் ஆக்டோபேட் வரவழைத்தார். எட்டுக் கட்டம் போட்ட ரப்பர் பலகை. டிரம்ஸ், தபேலா, காங்கோ, உடுக்கை, எல்லாச் சத்தமும் அதில். நாலு ஆள் வேலையை ஓர் ஆள் பார்க்கலாம், வேனில் இடமும் மிச்சம். அவர் என்னைப் போகச் சொல்லவில்லை. "நீயே இதைக் கத்துக்கோயேன்" என்று குச்சியை என் கையில் கொடுத்தார். ஒரு கட்டத்தைத் தட்டினேன். மிருதங்கம் கேட்டது. பக்கத்துக் கட்டத்தில் கண்ணாடி உடைகிற சத்தம். காலுக்கு வேலையே இல்லை. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள், என்னைப் பார்த்தா, கண்ணாடிச் சத்தத்துக்கா என்று இன்றைக்கும் தெரியாது. பொம்மையை நான் வாசிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். ஒரு வாரம் கழித்து அவர் வீட்டுக்கு ஆள் அனுப்பினார். நான் வீட்டில் இல்லை என்று அம்மாவைச் சொல்லச் சொன்னேன். அப்போது நீ தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தாய். பிற்பாடு காரணமாகச் சொல்ல வசதியாக இருந்தாய்.

அந்தக் குழு என்னை விட்டுவிட்டுப் பதினாலு வருஷம் ஓடியது. கீபோர்டுக்காரரும் நானும் எட்டாம் வகுப்பிலிருந்து சிநேகிதம். லிப்ஸும் ராப்பும் பதினாலு வயதிலேயே ஒன்றாக வாசிக்க ஆரம்பித்தவர்களாம். பதின்மூன்றாவது ஆல்பம் பதிவு செய்கிற இடத்தில் இரண்டு பேரும் சத்தம் போட்டுச் சண்டை பிடித்து, அப்புறம் லிப்ஸ் அழுகிறாரே, அந்த இடத்தில் நான் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். எங்கள் ஆளை இப்போதும் பஸ்ஸில் பார்ப்பேன். இரண்டு பேரும் சுகர் அளவைப் பற்றிப் பேசுவோம்.

அவர்கள் விட்டிருக்க வேண்டுமா, வேண்டாமா என்று அவர்கள் வீட்டுப் பெண்கள் சொல்லட்டும். ஆல்பத்துக்குப் பணம் கொடுத்ததே லிப்ஸின் சகோதரிதான். என்னைக் காட்டி அவர்களைக் குறை சொல்லாதே, அவ்வளவுதான் கேட்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பரணிலிருந்து என் பழைய ஸ்நேர் டிரம்மை இறக்கினேன். இறக்கச் சொன்னது அம்மா. மேல் தோல் கிழிந்து, உள்ளே கரப்பான் முட்டை. அதைத் துடைத்து வைத்துவிட்டு, டயர் ரப்பரைப் பலகையில் ஒட்டி, சாயங்காலம் அரை மணி நேரம் தட்டுகிறேன். மேல் வீட்டுக் குழந்தை தூங்குகிற நேரம் பார்த்து நிறுத்திவிடுவேன். இரண்டு கையும் மாறி மாறி அடிக்கிற சிங்கிள் ரோல் பழைய வேகத்தில் பாதிகூட வரவில்லை, இடது மணிக்கட்டு பிடித்துக்கொள்கிறது. டிசம்பரில் வரும்போது இரண்டு ஜோடி குச்சி வாங்கி வா. 5ஏ. 5பி வேண்டாம், எனக்குக் கனம்.

அன்புடன்,
அப்பா