ரத்தம் கசியும் இடத்தில்தான் துலக்க வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் உடல்நலப் பக்கத்தைப் பல ஆண்டுகளாகத் தவறாமல் படித்து வருகிறேன். பற்களைப் பற்றிய கட்டுரைகள் அதில் அவ்வப்போது வெளியாகின்றன. ஆனால் அவை பெரும்பாலும் சொத்தைப் பல்லைப் பற்றியோ, பல்லை வெண்மையாக்குவதைப் பற்றியோதான் பேசுகின்றன. பல்லைப் பிடித்து நிறுத்தும் ஈறுக்கு அங்கே ஓரிரு வரிகளுக்கு மேல் இடம் கிடைப்பதில்லை. அந்தக் குறையைச் சுட்டிக்காட்டவே இக்கடிதம்.

என் தவறிலிருந்தே தொடங்குகிறேன். பல் துலக்கும்போது கீழ்த்தாடையின் இடப்பக்கம் ரத்தம் கசிவதை என் 40ஆவது வயதிலேயே கவனித்திருந்தேன். கொப்பளித்துத் துப்பும் நீரில் இளஞ்சிவப்பாக ஒரு கீற்று தெரியும், வலி கிடையாது. பிரஷ் குத்தியிருக்கும் என்று எண்ணி, அந்தப் பக்கத்தை மட்டும் தொட்டும் தொடாமலும் துலக்கத் தொடங்கினேன். நாளடைவில் அதுவே பழக்கமாகிவிட்டது. 12 ஆண்டுகள் கழித்து, அங்கிருந்த கடைவாய்ப் பல் நாக்கால் தள்ளினாலே அசையத் தொடங்கிய பிறகுதான் பல் மருத்துவரிடம் போனேன். மில்லிமீட்டர் கோடுகள் போட்ட மெல்லிய கருவி ஒன்றை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே மெதுவாக இறக்கி, ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் 6 இடங்களில் அளந்து, "3, 2, 3" என்று அவர் சொல்லச் சொல்ல உதவியாளர் குறித்துக்கொண்டே வந்தார். அந்தக் கடைவாய்ப் பல் வந்ததும் எண்கள் "6, 7, 8" என்று ஏறின. நல்ல ஈறில் அந்தப் பள்ளத்தின் ஆழம் 3 மில்லிமீட்டரைத் தாண்டாது என்று பிறகு அவரே விளக்கினார். பல்லைக் காப்பாற்ற முடியவில்லை.

ரத்தம் வருகிற இடத்தை விட்டுவிட்டுத் துலக்குவது இயல்பான அனுதாபம்தான். ஆனால் அந்த அனுதாபமே ஈறைக் கெடுக்கிறது. ஈறை ஒட்டிப் பல்லின் மீது பாக்டீரியாக்கள் பிசுபிசுப்பான படலமாகப் படிகின்றன; அதை எதிர்த்து உடல் போராடுவதால்தான் ஈறு சிவந்து, உப்பி, பிரஷ் பட்டவுடன் ரத்தம் கசிகிறது. பயந்து அந்த இடத்தை விட்டுவிட்டால் படலம் இன்னும் தடிக்கும், கசிவும் கூடும். 1965இல் டென்மார்க்கில் ஹரால்ட் லோ என்பவரும் அவருடைய சகாக்களும் நலமான ஈறு உடைய 12 பேரைப் பல் துலக்காமல் இருக்கச் செய்து பார்த்தார்கள். 10 முதல் 21 நாள்களுக்குள் அத்தனை பேருக்கும் ஈறு அழற்சி வந்தது. மீண்டும் ஒழுங்காகத் துலக்கத் தொடங்கியதும் சில நாள்களில் அது தணிந்துவிட்டது. பிரஷ்ஷின் அருமையை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்றை நான் படித்ததில்லை.

ஆனால் இந்த மீட்சி அழற்சி ஈறோடு நிற்கும் வரைக்கும்தான். அது உள்ளே இறங்கி, பல்வேரைப் பற்றியிருக்கும் எலும்பைக் கரைக்கத் தொடங்கிவிட்டால், சிகிச்சையால் அழிவைத் தடுத்து நிறுத்தலாமே தவிர, போன எலும்பைப் பெரும்பாலும் திரும்பப் பெற முடிவதில்லை. முற்றிய ஈறு நோய் உலகில் 100 கோடிக்கும் மேற்பட்டோருக்கு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் 2022இல் மதிப்பிட்டது. இத்தனைக்கும் இது பெரும்பாலும் வலி காட்டாமலே முற்றுகிற நோய். நான் புகைப்பிடிப்பவனாக இருந்திருந்தால் அந்த இளஞ்சிவப்புக் கீற்றுகூட என் கண்ணில் பட்டிருக்காது. ஏனெனில் புகை ஈறின் ரத்தக் கசிவை மட்டுப்படுத்தி நோயை மறைத்துவிடுகிறது, நோயோ வேகமாக வளர்கிறது. சர்க்கரை நோயாளிகளுக்குச் சிக்கல் இருபுறமும் உண்டு: சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டால் ஈறு கெடும், ஈறு கெட்டால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும் கடினமாகும். கருவுற்ற பெண்களுக்கு ஹார்மோன் மாற்றத்தால் ஈறு எளிதில் வீங்கும் என்பதையும் குறிப்பிட்டாக வேண்டும்.

அழுத்தித் தேய்த்தால் நன்றாகச் சுத்தமாகும் என்ற நம்பிக்கையும் பரவலாக இருக்கிறது; அதனால் ஈறு கீழிறங்கி வேர் வெளியே தெரிவதுதான் மிச்சம். மென்மையான பிரஷ்ஷை ஈறின் ஓரத்தில் 45 பாகை சாய்த்து வைத்து, சிறு சிறு அசைவுகளாக 2 நிமிடம், ஃபுளோரைடு கலந்த பற்பசையுடன் நாளுக்கு 2 முறை துலக்க வேண்டும். அதில் ஒரு முறை படுக்கப் போகும் முன் என்பது கட்டாயம். அப்படித் துலக்கினாலும் இரண்டு பற்களுக்கு இடையே பிரஷ் நுழைவதில்லை. அங்கே ஃப்ளாஸ் நூலையோ, இடைவெளி சற்று அகலமாக இருந்தால் குட்டி பிரஷ்ஷையோ நாளுக்கு ஒரு முறை விட்டு எடுக்க வேண்டும். முதல் சில நாள்களில் அங்கேயும் ரத்தம் வரலாம்; விடாமல் செய்தால் பெரும்பாலும் ஓரிரு வாரங்களில் நின்றுவிடும், நிற்காவிட்டால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

துலக்காமல் விட்ட படலத்தில் உமிழ்நீரிலுள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் படிந்து, சில நாள்களிலேயே அது காரையாக இறுகத் தொடங்குகிறது. கீழ் முன்பற்களின் பின்புறத்தில் நாக்கை ஓட்டிப் பார்த்தால் பலருக்கும் அந்தச் சொரசொரப்பு தட்டுப்படும். உமிழ்நீர்ச் சுரப்பியின் குழாய் அதற்கு அருகே திறப்பதே காரணம். காரையை பிரஷ் பெயர்க்காது, மருத்துவர்தான் பெயர்க்க வேண்டும். அங்கேதான் இன்னொரு பயம் குறுக்கே நிற்கிறது: பல்லைச் சுத்தம் செய்தால் பல் ஆடும், இடைவெளி விழும் என்று சொல்லியே நானும் பல ஆண்டுகள் தட்டிக்கழித்தேன். உண்மையில், கரைந்துபோன எலும்புக்கும் இறங்கிய ஈறுக்கும் பதிலாக அதுவரை காரை அந்த இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது. எடுத்ததும், ஏற்கெனவே நேர்ந்திருந்த இழப்பு கண்ணுக்குத் தெரிகிறது, அவ்வளவே. வீங்கியிருந்த ஈறு வற்றுவதாலும் இடைவெளி பெரிதாகத் தோன்றும். இதை முன்கூட்டியே யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் 12 ஆண்டுகள் காத்திருந்திருக்க மாட்டேன்.

ஆகவே, தங்கள் உடல்நலப் பக்கத்தில் ஈறு நோய்க்கென்று தனிக் கட்டுரை ஒன்றை, பல் மருத்துவர் ஒருவரைக் கொண்டு எழுதி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். பிரஷ்ஷைச் சாய்த்துப் பிடிக்கும் முறையையும், பல் இடுக்கில் நூலை நுழைக்கும் முறையையும் படமாகப் போட்டால், குளியலறைக் கண்ணாடியின் ஓரத்தில் வெட்டி ஒட்டிக்கொள்ள வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்